ஒரே கார், இரண்டு இன்ஜின்: டிசையர் டீசலும் பெட்ரோலும் தந்த மைலேஜ் கணக்கு

மாருதி சுசூகி டிசையர் 2017-இல் புதிய வடிவில் வெளிவந்தபோது அதன் டீசல் வகையை நான் திருச்சியில் வாங்கினேன். கோயம்புத்தூரில் வசிக்கும் என் தம்பி அடுத்த ஆண்டு அதே காரின் பெட்ரோல் வகையை வாங்கினான். இரண்டும் மேனுவல் கியர், இரண்டுக்கும் 37 லிட்டர் டேங்க், உடலமைப்பும் இருக்கைகளும் ஒன்றே. வேறுபடுவது இன்ஜின் மட்டும்தான். என்னுடையது ஃபியட் வடிவமைத்த 1,248 சிசி டீசல் இன்ஜின். 75 குதிரைத்திறனும் 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் (இன்ஜின் சுழற்றும் விசை) தருவது. அவனுடையது 1,197 சிசி பெட்ரோல். 83 குதிரைத்திறன், 113 நியூட்டன் மீட்டர். டீசல் வண்டியின் எடை ஏறத்தாழ 95 கிலோ கூடுதல், விலை அன்றைக்கு ஒரு லட்சம் ரூபாய் கூடுதல். அந்த ஒரு லட்சத்தை மைலேஜ் திருப்பித் தருமா என்ற கேள்விக்கு இத்தனை ஆண்டுகளாக இரண்டு வீட்டிலும் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்து என்னால் இப்போது ஓரளவு உறுதியாகப் பதில் சொல்ல முடிகிறது.

அளந்த முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். டேஷ்போர்டுத் திரை காட்டும் சராசரியை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. டேங்க்கை நிரப்பி, ஆட்டோ கட் ஆனதும் நிறுத்தி, அடுத்த முறையும் அதே பங்க்கில் அதே குழாயில் அதே போல நிரப்பி, ஓடிய தூரத்தை நிரப்பிய லிட்டரால் வகுத்தோம். ஒரு முறை நிரப்பியதை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. குழாய் சற்று முன்னதாக நின்றாலே இரண்டு லிட்டர் வரை மாறிவிடும். தொடர்ந்து பல முறை நிரப்பி, மொத்தத் தூரத்தையும் மொத்த லிட்டரையும் வைத்துப் பார்க்கும்போதுதான் எண் நிலைபெறுகிறது.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. என் ஓட்டத்தில் பெரும்பகுதி மதுரைக்கும் சென்னைக்கும் போகும் நான்குவழிச் சாலையில். தம்பியின் ஓட்டத்தில் பெரும்பகுதி கோவை நகருக்குள், அதுவும் அவிநாசி சாலையில் மேம்பாலப் பணி நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில். என் சராசரியை அவன் சராசரியோடு அப்படியே ஒப்பிட்டால் டீசலுக்குச் சாதகமான பொய்க் கணக்குதான் கிடைக்கும். ஆகவே ஒரு கோடைக்காலம் முழுவதும் வண்டிகளை மாற்றிக்கொண்டோம். ஓட்டுபவர் மாறுவதாலேயே லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடக் குறைய ஆகிறது என்பது அப்போது தெரிந்தது. தம்பி கியரை இழுத்து ஓட்டுகிறவன். நான் சீக்கிரமே அடுத்த கியருக்குப் போய்விடுகிறவன். அந்த வித்தியாசத்தைக் கழித்துவிட்டுத்தான் கீழே உள்ள எண்களைத் தருகிறேன்.

ஏசி போட்டு நகருக்குள் ஓட்டும்போது டீசல் லிட்டருக்கு 17.5 கிலோமீட்டர் அளவிலும், பெட்ரோல் 13.2 அளவிலும் கொடுத்தன. நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டி ஓட்டும்போது டீசல் 24.5, பெட்ரோல் 20. பாதி நகரம், பாதி நெடுஞ்சாலை என்று வைத்துக்கொண்டால் டீசலுக்கு ஏறத்தாழ 20.5, பெட்ரோலுக்கு 16. அரசு அங்கீகாரச் சோதனையில் இந்தக் காருக்கு அறிவிக்கப்பட்ட எண்கள் டீசலுக்கு 28.4, பெட்ரோலுக்கு 22. அந்தச் சோதனை ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல், ஏசி இல்லாமல், 90 கிலோமீட்டரைத் தாண்டாத வேகத்தில் நடப்பது. ஆகவே சாலையில் அதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்ததில் வியப்பில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று: இரண்டு இன்ஜினும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில்தான் இறங்கியிருக்கின்றன. காகிதத்தில் டீசலின் மேன்மை 29 சதவீதம். எங்கள் கணக்கில் 28.

டீசல் நெடுஞ்சாலைக்கு, பெட்ரோல் ஊருக்குள் என்று காலங்காலமாகச் சொல்லப்படுவதை எங்கள் எண்கள் அப்படியே ஏற்கவில்லை. நெடுஞ்சாலையில் டீசலின் மேன்மை 22 சதவீதம்தான். நகருக்குள் அது 33 சதவீதம். நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் மிச்சம் என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நெடுஞ்சாலையில் ஒரு லிட்டருக்கும் சற்றுக் குறைவாக மிச்சமாகிறது. நகருக்குள் ஏறத்தாழ 1.9 லிட்டர், அதாவது இரு மடங்கு.

காரணம் இன்ஜின்களின் இயல்பில் இருக்கிறது. பெட்ரோல் இன்ஜினில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும் அளவுக்குக் காற்று உள்ளே போவதைத் திராட்டில் என்னும் தடுப்பு கட்டுப்படுத்துகிறது. நெரிசலில் ஊர்ந்து போகும்போது அந்தத் தடுப்பு பெரும்பாலும் மூடியே இருப்பதால், பிஸ்டன் ஒவ்வொரு முறையும் அந்தத் தடையை எதிர்த்து மூச்சை இழுக்க வேண்டியிருக்கிறது. எரிபொருளில் ஒரு பங்கு இதற்கே போய்விடுகிறது. டீசல் இன்ஜினில் ஆற்றலைக் கூட்டிக் குறைப்பது தெளிக்கும் டீசலின் அளவுதான். காற்றுக்கு அப்படி ஒரு தடை இல்லை. சிக்னலில் நின்றபடி உறுமிக்கொண்டிருக்கும்போதும் அது மிகக் குறைவாகவே குடிக்கிறது. காற்றை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்னும் அழுத்த விகிதமும் அதில் அதிகம் என்பதால் எரியும் வெப்பத்திலிருந்து கூடுதல் வேலையை எடுத்துக்கொள்கிறது.

ஆனால் 28 சதவீதத்தின் முழுப் பெருமையும் இன்ஜினைச் சேர்ந்ததல்ல. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ 740 கிராம். ஒரு லிட்டர் டீசல் 830 கிராமை ஒட்டி வரும். லிட்டருக்கு லிட்டர் டீசலில் பத்து சதவீதத்துக்கும் சற்று மேலாக ஆற்றல் கூடுதலாக இருக்கிறது. நாம் லிட்டர் கணக்கில் வாங்குவதால் அது மைலேஜாகத் தெரிகிறது. இதைப் புகையில் பார்க்கலாம்: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயுவும், ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோவும் வெளிவருகின்றன. எங்கள் கார்களின் சராசரியில் ஒரு கிலோமீட்டருக்குப் பெட்ரோலில் 144 கிராம், டீசலில் 132 கிராம். மைலேஜில் 28 சதவீதமாகத் தெரிந்த வேறுபாடு இங்கே பத்து சதவீதத்துக்கும் கீழே வந்துவிடுகிறது. நைட்ரஜன் ஆக்சைடிலும் கரித்துகளிலும் பி.எஸ். 4 என்னும் முந்தைய புகை விதிப்படி வந்த என்னுடைய பழைய டீசல்தான் மோசமானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வேகத்தின் விளைவு எரிபொருளின் விளைவுக்குச் சற்றும் குறைந்ததல்ல. விழுப்புரம் வழியாகச் சென்னைக்குப் போகும்போது 110-ஐ ஒட்டி ஓட்டினால் என் டீசல் 19-க்கு இறங்கிவிடுகிறது. அதாவது 80-இல் நிதானமாகப் போகும் தம்பியின் பெட்ரோல் காரைவிடக் குறைவு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால் எந்த இன்ஜினும் இதிலிருந்து தப்ப முடியாது. ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுத்து டீசல் வாங்கி, அதை எந்நேரமும் 110-இல் விரட்டுகிறவர் மைலேஜுக்காக வாங்கினேன் என்று சொல்வது எனக்குப் புரிவதில்லை. மலைப்பாதையில் மட்டும் டீசலுக்கு எதிரே பெட்ரோல் நிற்க முடியாது. ஐந்து பேரும் பெட்டிகளுமாகக் கொடைக்கானல் ஏறும்போது டீசலின் முறுக்குவிசை இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போதே முழுதாகக் கிடைத்துவிடுகிறது. பெட்ரோலில் அது 4,200 சுற்றில்தான் கிடைப்பதால், கியரைக் குறைத்துக் கத்தவிட்டே ஏற வேண்டும்.

இனிப் பணக் கணக்கு. 2017 ஜூனில் நாள்தோறும் விலை மாற்றும் முறை வந்தபோது சென்னையில் பெட்ரோல் 68 ரூபாய், டீசல் 57 ரூபாய் அளவில் இருந்தன. எங்கள் சராசரி மைலேஜை வைத்துப் பார்த்தால் பெட்ரோலுக்குக் கிலோமீட்டருக்கு 4.25 ரூபாய், டீசலுக்கு 2.80, மிச்சம் 1.45. 2024 மார்ச்சில் இரண்டு ரூபாய் குறைக்கப்பட்ட பிறகு விலை 100.75, 92.34 என்று ஆனது. லிட்டருக்கு இடையிலான இடைவெளி 11 ரூபாயிலிருந்து எட்டரை ரூபாய்க்குச் சுருங்கிவிட்டது. டீசல் காருக்கு இனி வேலையில்லை என்று பலர் சொல்வது இதைப் பார்த்துத்தான். ஆனால் கிலோமீட்டருக்கான மிச்சம் குறையவில்லை, ஏறத்தாழ 1.80 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. எரிபொருள் விலை ஏறும்போது, ஒவ்வொரு லிட்டரிலும் கூடுதலாகக் கிடைக்கும் நாலரைக் கிலோமீட்டரின் மதிப்பும் சேர்ந்தே ஏறுகிறது.

இந்த 1.80 ரூபாயைப் பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது. டீசலும் பெட்ரோலும் ஒரே விலைக்கு, 100.75-க்கு, விற்றிருந்தாலும் மைலேஜ் ஒன்றாலேயே 1.38 ரூபாய் மிச்சமாகியிருக்கும். விலை குறைவால் கிடைப்பது மீதி நாற்பது பைசாதான். இதே கணக்கை 2012 மே மாதத்து டெல்லி விலையில் போட்டுப் பார்த்தேன். அப்போது பெட்ரோல் 73.18, அரசின் கட்டுப்பாட்டில் இருந்த டீசல் 40.91. மிச்சம் கிலோமீட்டருக்கு 2.58 ரூபாய், அதில் ஒரு ரூபாய் மட்டுமே மைலேஜால் வந்தது, மீதி விலைக் கட்டுப்பாடு தந்தது. அன்று டீசல் கார் வாங்கக் காத்திருந்தவர்கள் பெரும்பாலும் மானியத்தைத்தான் வாங்கினார்கள். 2014 அக்டோபரில் டீசல் விலையின் மீதான கட்டுப்பாடு நீக்கப்பட்ட பிறகு நமக்கு எஞ்சியிருப்பது இன்ஜினின் சொந்தத் திறமை. 2020 ஜூனில் டெல்லியில் டீசல் விலை சில பைசாவால் பெட்ரோலையே முந்தியது. அந்த விலையிலும் இந்த டீசல் கார் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்க்கு மேல் மிச்சம் பிடித்திருக்கும்.

ஒரு லட்சத்தை 1.80-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 55,500 கிலோமீட்டர். சர்வீஸ் செலவையும் கடன் வட்டியையும் சேர்த்து நான் 70,000 என்று வைத்துக்கொள்கிறேன். டீசலுக்கு இன்ஜின் ஆயில் கூடுதலாகப் பிடிக்கும், டீசல் ஃபில்டரும் மாற்ற வேண்டும். ஆண்டுக்கு இரண்டாயிரம் மூவாயிரம் கூடும். என் ஓட்டத்துக்கு அந்த எல்லை நான்காம் ஆண்டிலேயே தாண்டிவிட்டது. தம்பியின் ஓட்டம் ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டரை ஒட்டியது. நகருக்குள் கிலோமீட்டருக்கு 2.35 ரூபாய் வரை மிச்சமாகும் என்றாலும், ஓடும் தூரமே குறைவாக இருக்கும்போது அந்த மிச்சம் எப்போது சேர்ந்து லட்சமாகும்? நகருக்குள் டீசல் லாபமில்லை என்று தோன்றுவதற்குக் காரணம் இதுதான். மைலேஜ் குறைவல்ல, தூரம் குறைவு.

இன்னும் கடுமையான பி.எஸ். 6 புகை விதி வந்த பிறகு வேறொரு காரணமும் சேர்ந்துகொண்டது. 2020 ஏப்ரல் 1 முதல் அந்த விதி நடைமுறைக்கு வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. இன்று விற்கும் டீசல் கார்களில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். என்னும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரித்துத் தள்ள, வண்டி இடையிடையே நிற்காமல் நல்ல வேகத்தில் சிறிது நேரம் ஓட வேண்டும். அப்போது கூடுதல் டீசலும் செலவாகும். பள்ளி, கடை, அலுவலகம் என்று மூன்று நான்கு கிலோமீட்டரிலேயே நிறுத்தி எடுக்கிறவருக்கு எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். உறவினர் ஒருவர் அந்த விளக்கை அணைப்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் புறவழிச்சாலைக்குப் போய் வருகிறார். நகருக்குள் 33 சதவீதம் என்று நான் சொன்னது பி.எஸ். 4 வண்டியின் எண். அதை அப்படியே புதிய டீசலுக்குப் பொருத்திப் பார்க்க முடியாது.

பெட்ரோல் பக்கம் எத்தனால் கலப்பு 20 சதவீதத்துக்கு வந்துவிட்டது. எத்தனாலில் லிட்டருக்கான ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால், கலவையின் ஆற்றல் ஆறு ஏழு சதவீதம் குறைந்தே ஆக வேண்டும். தம்பியின் குறிப்புகளில் அண்மைக் காலத்தில் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு இறக்கம் தெரிகிறது. வண்டிக்கு வயதாவதும் அதில் ஒரு பங்கு வகிக்கலாம். மறுபக்கம், 2024-இல் வந்த புதிய டிசையரின் மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினுக்கு அறிவிக்கப்பட்ட மைலேஜ் 24.79, பழைய 22-இலிருந்து நல்ல ஏற்றம். அந்த அளவு காரில் டீசலின் இடத்தைப் பெட்ரோல் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பிக்கொண்டிருக்கிறது.

அடுத்த காருக்கு இருவரும் டிசையரைவிடப் பெரிய ஹூண்டாய் கிரெட்டாவைப் பார்த்தோம். அதன் மேனுவல் பெட்ரோலுக்கு 17.4, டீசலுக்கு 21.8 என்று அறிவித்திருக்கிறார்கள். எங்கள் அனுபவத்தின்படி அதில் 73 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் 12.7-உம் 15.9-உம் கிடைக்கும். 2024 விலையில் கிலோமீட்டருக்கு 7.93 ரூபாய்க்கு எதிராக 5.81, மிச்சம் 2.12. வண்டி பெரிதாகும்போது குடிப்பதும் கூடுவதால் மிச்சமும் கூடுகிறது. ஆனால் விலை வித்தியாசம் ஒன்றரை லட்சத்தை ஒட்டி இருப்பதால், போட்டதை எடுக்க 70,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். என் ஓட்டத்துக்கு மூன்றரை ஆண்டில் ஆகிவிடும் என்பதால் நான் மறுபடியும் டீசல் பக்கமே இருக்கிறேன். தம்பிக்கு ஒன்பது ஆண்டு ஆகும். அவன் பெட்ரோல் வகைக்கு முன்பணம் கட்டிவிட்டான்.