உடற்கல்விப் படிப்புகள்: பி.பி.எட்., பி.பி.இ.எஸ்., ஸ்போர்ட்ஸ் சயின்ஸ் – எதில் சேரலாம்?

பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக வேண்டும் என்பவருக்குத் தமிழ்நாட்டில் இன்றும் நம்பிச் சேரக்கூடிய படிப்பு பி.பி.எட். தான். ஏதாவது ஒரு டிகிரி முடித்த பிறகு இரண்டு ஆண்டு, நான்கு செமஸ்டர். டிகிரியில் 50 சதவீதம் வேண்டும். கூடவே கல்லூரிகளுக்கு இடையிலோ, மாவட்ட அளவிலோ, பள்ளி அளவிலோ போட்டியில் ஆடியதற்கான சான்றிதழும் வேண்டும். டிகிரியே உடற்கல்வியில் என்றால் 45 சதவீதம் போதும்.

பலருக்குச் சிக்கல் வருவது மதிப்பெண்ணில் அல்ல, சான்றிதழில்தான். அங்கீகாரம் இல்லாத சங்கங்கள் பணம் வாங்கிக்கொண்டு நடத்தும் 'நேஷனல்' போட்டிகளின் சான்றிதழ் சரிபார்ப்பில் நிற்காது. அதைவிடக் கல்லூரி அணியில் ஆடி வாங்கிய சாதாரண மண்டலப் போட்டிச் சான்றிதழ் எவ்வளவோ மேல். அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டையும் மனதில் வைத்திருப்பவர்கள் அதற்கான விளையாட்டுச் சான்றிதழ் படிவங்களில் தங்களுக்கு எது பொருந்துமோ அதை, ஆடிய ஆண்டிலேயே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். சங்க நிர்வாகிகள் மாறிவிட்டால் அலைச்சல்தான்.

எங்கே சேருவது? நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கியது. இந்தியாவில் இந்தத் துறைக்கே அதுதான் மூத்தது. மேலக்கோட்டையூரில் இருக்கும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவானது. காரைக்குடியில் அழகப்பா, கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் மாருதி, திருச்செந்தூரில் சிவந்தி ஆதித்தனார் ஆகிய கல்லூரிகளும் இருக்கின்றன. பெயரைவிட முக்கியம், என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) அங்கீகாரம் இந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்பது. தபாலில் பி.பி.எட். முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள். இது நேரில் மட்டுமே படிக்கும் படிப்பு.

ஒரு கல்லூரியின் தரத்தை எடைபோட, அங்கே தடகள மார்க்கிங் (ஓடுதளத்தை அளந்து கோடு போடுவது) எப்படிச் சொல்லித்தருகிறார்கள் என்று கேளுங்கள். 400 மீட்டர் டிராக்கில் உள் ஆரம் 36.50 மீட்டர், நேர்பகுதி 84.39, லேன் அகலம் 1.22. இரண்டாவது லேனுக்கு ஸ்டேக்கர், அதாவது வெளி லேன்காரரை முன்னால் தள்ளி நிறுத்தும் தூரம், 7.04 மீட்டர். இதை எல்லா நோட்டிலும் பார்க்கலாம். ஆனால் இந்த 7.04, உள்விளிம்பில் உயர்ந்த கர்ப் (சிறு தடுப்பு) இருக்கும் டிராக்குக்கு உரியது. அங்கே முதல் லேனைக் கர்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளக்கிறோம், மற்ற லேன்களைக் கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளி. பள்ளி மைதானத்தில் சுண்ணாம்பால் போடும் டிராக்கில் கர்ப் கிடையாது, முதல் லேனையும் 20 செ.மீ.-இல்தான் அளக்க வேண்டும். அப்போது ஸ்டேக்கர் 7.67 ஆகிவிடும். பழைய எண்ணையே போட்டால் இரண்டாவது லேன் முதல் கடைசி லேன் வரை எல்லாப் பிள்ளைகளும் முதல் லேன்காரரைவிட 63 செ.மீ. அதிகம் ஓடுகிறார்கள். மாவட்டப் போட்டியில் ஒரு பதக்கத்தை மாற்ற இது போதும். இன்னொன்று: ஒரு முழுச் சுற்றுக்கான ஸ்டேக்கர் வளைவின் ஆரத்தைப் பொறுத்து மாறாது. ஆகவே 200 மீட்டர் டிராக்கிலும் ஒரு சுற்றுக்கு அதே 7.67. 400 மீட்டரை அதில் முழுக்க லேனிலேயே ஓடவிட்டால் இரண்டு சுற்று, 15.33. இந்தக் கணக்கைக் காரணத்தோடு விளக்கி, டேப்பையும் கயிற்றையும் மாணவர் கையில் கொடுத்து வெயிலில் போடவைக்கும் கல்லூரி நல்ல கல்லூரி. ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்தால் போதும் என்று விடும் இடத்தில் சேர வேண்டாம்.

பி.பி.இ.எஸ். பிளஸ் டூ முடித்ததும் சேரும் மூன்றாண்டுப் படிப்பு. அடித்தளம் நன்றாகவே அமையும், ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு பள்ளி ஆசிரியர் பணிக்குப் போக முடியாது, மேலே பி.பி.எட். முடிக்க வேண்டும். ஆக ஐந்து ஆண்டு. சேரும்போதே இதைச் சொல்லாத கல்லூரிகள் இருப்பது வருத்தம். கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக வேண்டும் என்றால் எம்.பி.எட். (உடற்கல்வி முதுகலை) 55 சதவீதத்தோடு, பிறகு நெட் அல்லது செட் தகுதித் தேர்வு. யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதியில் உடற்திறன் தேர்வும் உண்டு: 30 வயது வரை ஆண்கள் 12 நிமிடத்தில் 1800 மீட்டர், பெண்கள் 8 நிமிடத்தில் 1000 மீட்டர் ஓடவோ நடக்கவோ வேண்டும்.

ஸ்போர்ட்ஸ் சயின்ஸ் பட்டம் வேறு ரகம். உடலியங்கியல், பயோமெக்கானிக்ஸ், உளவியல், ஊட்டச்சத்து என்று பாடங்கள் ஆழமாகப் போகும். இதன் மதிப்பு முழுவதும் ஆய்வகத்தில் இருக்கிறது. விஓ2 மேக்ஸ், அதாவது உடல் அதிகபட்சம் பயன்படுத்தும் ஆக்சிஜனை அளக்கும் கருவி இருக்கிறது என்று காட்டுவார்கள். அதை அளவுதிருத்தம் செய்யும் 3 லிட்டர் சிரிஞ்சையும், கலவை விகிதம் தெரிந்த கேஸ் சிலிண்டரையும் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் சோதனைக்கு முன் அவற்றால் சரிபார்க்காவிட்டால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. மாஸ்க் ஓரத்தில் காற்று கசிந்தாலும் அளவு குறைவாகவே காட்டும். சிலிண்டர் தீர்ந்து மாதக்கணக்காகிறது என்றால் அந்தக் கருவி வெறும் காட்சிப் பொருள்தான்.

பட்டம் முடித்தபின் வேலை அகாடமிகளிலும் அணிகளிலும்தான். இடங்கள் குறைவு, முதுகலையும் ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங் (உடல்வலு, உடற்தகுதிப் பயிற்சி) சான்றிதழும் இல்லாமல் நல்ல சம்பளம் கடினம். இதைப் படித்துவிட்டுக் காயங்களுக்குச் சிகிச்சை தரலாம் என்று நினைப்பவர்கள் தவறான வரிசையில் நிற்கிறார்கள். அதற்கு பி.பி.டி. (பிசியோதெரபி பட்டம்), அதற்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும்.

பயிற்சியாளர் ஆக விரும்பும் நல்ல ஆட்டக்காரருக்கு மேலே சொன்ன எதையும்விட பாட்டியாலா என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) டிப்ளமா பொருத்தம். 1961-இல் தொடங்கிய நிறுவனம் அது. ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் அங்கே உண்டு. அதை முடித்துவிட்டு 'என்.ஐ.எஸ். கோச்' என்று போர்டு வைப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கோச் பணி அறிவிப்பில் டிப்ளமா என்று கேட்டிருந்தால் அந்த ஆறு வாரச் சான்றிதழ் ஈடாகாது. விண்ணப்பத்தில் 'டிப்ளமா' என்ற கட்டத்தில் அதை எழுதி நிராகரிக்கப்படாதீர்கள்.