பெட்டிக்குள் கிடந்த கோட்டா, புது ரெடிமேடா?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேக்குத் தூணும் எனாமல் தூக்குவாளியும்தான் கண்ணில் படும், துணி அபூர்வம். ஆனாலும் ஒரு தகரப் பெட்டியின் அடியில் சாம்பல் நிறக் கம்பளிக் கோட் ஒன்று எனக்குச் சிக்கியது. விலை 600 ரூபாய். ஜவுளிக்கடை ரெடிமேட் கோட் 2,500.

இரண்டின் மார்புப் பகுதியையும் விரலால் கிள்ளிப் பார்த்தேன். பழையதில் நடு அடுக்கு தனியே நழுவியது; தைத்துச் சேர்த்த கேன்வாஸ் என்ற விறைப்பான உட்துணி. புதியதில் பசையால் ஒட்டிய உட்துணி. நாளடைவில் பசை விட்டால் கொப்புளம்போல் எழும்பும். எந்த இஸ்திரிக்கும் அடங்காது.

புதியதன் ஆதாயம் அளவுதான். பழையதில் இடுப்பைப் பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம். தோள் பொருந்தாவிட்டால் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். பிரித்துத் தைக்கும் கூலி கோட்டின் விலையையே விழுங்கிவிடும். பூச்சி அரித்த துளை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதும் அவசியம்.

"தோள் உட்கார்ந்துவிட்டது தம்பி, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் தையல்காரர்.

சித்திரை வெயிலுக்கு இரண்டுமே ஆகாது, வேட்டிதான். தை மாதக் கல்யாணம் ஒன்றுக்குச் சாம்பல் கோட்டில் போனேன். ஆச்சி ஒருவர் துணியைத் தடவிப் பார்த்துக் கேட்டார்: "யார் வீட்டுப் பெட்டியில் இருந்தது இது?"