ஸ்கூல்ல கணக்கு சொல்லிக்கொடுக்கிற சாமானைக் கடையில கிட்டா வாங்குறதா, டீச்சர்களோட உட்கார்ந்து நாமளே செய்றதா?

ரெண்டையும் வச்சு வேலை பார்த்துட்டேன், நான் செய்ற பக்கம்தான். செலவு கம்மி, நேரம் ஜாஸ்திங்கிறதெல்லாம் தெரிஞ்ச கதை, விடுங்க.

கிட்ல அளவு சுத்தமா இருக்கும், அதை ஒத்துக்கணும். குசினேர் குச்சி 1 செ.மீ.ல ஆரம்பிச்சு 10 செ.மீ. வரைக்கும் ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு கலர், 3ஐயும் 4ஐயும் ஒட்டி வச்சா 7க்கு மயிரிழை பிசகாது. நாங்க அட்டையில வெட்டின 1/3 துண்டு மூணையும் சேர்த்தா வட்டம் மூடவே இல்ல, "மிச்சம் எங்க மிஸ்?"னு ஒரு பொண்ணு கேட்டுட்டா.

ஆனா பராமரிப்புன்னு வந்தா கிட் தோத்துரும். நாலு பீஸ் தொலைஞ்சதும் யாரு பதில் சொல்றதுன்னு பீரோவுல வச்சு பூட்டிருவாங்க, அப்புறம் யாராவது பார்வையிட வந்தாதான் வெளிய வரும். தானே செஞ்சதுன்னா தொலைஞ்சது மறுநாளே திரும்ப வந்துரும், கிளாஸ்ல எடுபடலைன்னா அதை மாத்தவும் தயங்க மாட்டாங்க, எனக்கு இந்த மாத்துறதுதான் பெரிய விஷயம்.

52 - 28 எடுத்துக்கோங்க. நிறைய பசங்க 36னு போடுவாங்க, 8ல 2 போனா 6, 5ல 2 போனா 3. நாங்க பத்துப் பத்து குச்சியா ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தோம், 5 கட்டு 2 உதிரி, 8 எடுக்க முடியலைன்னதும் ஒரு கட்டை அவுக்கணும், 12 உதிரி ஆகும், அதுல 8 உதிரியும் 2 கட்டும் எடுத்தா மிச்சம் 24. பத்தைப் பிரிக்கிறது கையிலயே நடக்குது. கிட்ல இருக்கிற டீன்ஸ் பிளாக்ல, அதாவது ஒண்ணு, பத்து, நூறுன்னு தனித்தனி அளவுல வர்ற கட்டைகள்ல, பத்துக்குன்னு இருக்கிற ஒத்தைக் குச்சியை உடைக்க முடியாது, அதைக் கொடுத்துட்டு பத்து சின்னது வாங்கணும், அந்த மாத்திக்கிறதே சில பசங்களுக்குத் தனிப் பாடம்.

எங்களுதும் முதல்ல சொதப்புச்சு. ஒரு பையனுக்கு 23 வந்துச்சு, தேடினா ஒரு கட்டுல 9 குச்சிதான். கட்டுறதுக்கு முன்னாடி பத்து கட்டம் போட்ட அட்டையில ஒவ்வொண்ணா அடுக்கச் சொல்லலாம்னு அந்தப் பையனோட டீச்சர்தான் சொன்னாங்க, மறுநாள் அட்டை ரெடி. கடையில வாங்கின பெட்டிக்கு இதை யார் செய்வா?

தசமத்துக்கு நாங்க செஞ்சதை ஒரே ஒரு கிளாஸ்ல பார்த்திருக்கேன், அதை வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. 1000 வரைக்கும் போறீங்கன்னா குச்சியை நம்பாதீங்க, கட்டி முடிக்கவே பீரியட் போயிரும், அங்க மட்டும் பீரோ சாவியை வாங்கிருங்க.