டிஐஆர் லென்ஸுக்கு எந்த ஒளிமூலம்: ஐஈஎஸ், ரே ஃபைல், சொந்த மாடல்

எல்இடியின் ஒளியை முழு அகப் பிரதிபலிப்பால் கற்றையாக்குவது டிஐஆர் லென்ஸ். டார்ச்சுக்கான அந்த லென்ஸை ஜீமாக்ஸ், லைட்டூல்ஸ் போன்ற ஒளியியல் மென்பொருளில் வடிவமைக்கும்போது, எல்இடியை உள்ளே எப்படி வைப்பது என்பதுதான் முதல் தலைவலி.

விளக்கின் ஒளிப் பரவலைச் சொல்லும் ஐஈஎஸ் ஃபைலை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். எந்தக் கோணத்தில் எத்தனை கேண்டெலா (ஒளிச்செறிவு) என்பதுதான் அதில் இருக்கும். ஒளி சிப்பின் எந்த இடத்திலிருந்து கிளம்பியது என்று இருக்காது. அதனால் மென்பொருள் அதைப் பெரும்பாலும் ஒரு புள்ளியாகவே எடுத்துக்கொள்ளும். 1 மி.மீ. சிப்பை 5 மி.மீ. குவியத்தூரமுள்ள லென்ஸுக்குப் பின்னால் வைத்தால் கற்றை சுமார் 11 டிகிரி விரியும். புள்ளியாக வைத்தால் ஊசி மாதிரி வரும், பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். அறை வெளிச்சக் கணக்குக்கு ஐஈஎஸ் தாராளமாகப் போதும்.

எல்இடி தயாரிப்பாளர் தரும் ரே ஃபைல் அளந்தெடுத்தது. ஒவ்வொரு கதிருக்கும் இடம், திசை, திறன் இருக்கும். சிக்கல் இரண்டு. ஒன்று, கதிர்கள் தொடங்கும் இடம். சில ஃபைல்களில் அது எல்இடியைச் சுற்றிய கற்பனைக் கோளத்தின் மேல் இருக்கும். லென்ஸின் குழி அந்தக் கோளத்தைவிடச் சின்னதாக இருந்தால் கதிர்கள் பிளாஸ்டிக்குக்கு உள்ளேயே பிறக்கும். முதல் பரப்பில் ஒளிவிலகலே நடக்காது, விடை முழுக்கத் தப்பு. கூடவே வரும் பிடிஎஃபில் ஆதிப்புள்ளி (அளவுகள் தொடங்கும் 0,0,0 புள்ளி) எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் ஃபைலை ஏற்ற வேண்டும். இரண்டு, இரைச்சல். 50 லட்சம் கதிர்களை 100×100 பிக்சல் டிடெக்டரில் (மென்பொருளில் ஒளியைப் பதியும் திரை) பரப்பினால் பிக்சலுக்குச் சராசரி 500 கதிர். பிழை ஏறக்குறைய 4.5 சதவீதம். அதே ஃபைலைத் திரும்ப ஓட்டினாலும் இது குறையாது, கதிர்கள் அதேதானே.

மென்பொருளில் நாமே வரையும் சொந்த மாடலில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. சதுரச் சிப், லாம்பர்ட் பரவல் (நேர் எதிரே செறிவு அதிகம், சாயச் சாயக் குறையும்), மேலே சிலிக்கோன் குமிழ். கதிர் வேண்டிய மட்டும் கிடைக்கும். ஆனால் ஓரத்தில் வெள்ளை மஞ்சளாவதை அது காட்டாது. எல்இடியின் வெள்ளை நீலமும் மஞ்சளும் கலந்ததுதானே, அதற்கு நீலத்துக்கும் மஞ்சளுக்கும் தனித்தனி ரே ஃபைல் வேண்டும்.

என் வழக்கம் இது: லென்ஸின் வளைவுகளைத் திருத்தும் வரைக்கும் சொந்த மாடல். லென்ஸை வார்க்கும் அச்சு செய்ய அனுப்புவதற்கு முன்னால் ரே ஃபைல். இரண்டிலும் கற்றையின் அகலம் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் சந்தேகப்படுவது அந்த ஆதிப்புள்ளியைத்தான், அப்புறம்தான் லென்ஸை.