ஐஎன்டி3472 டிரைவர்: இணைப்புப் பின்களின் பெயர்களைச் சீராக்கும் நல்ல மென்பொருள்

பல இன்டெல் மடிக்கணினிகளில் கேமரா சென்சாரின் மின்வழங்கல், ரீசெட் போன்றவற்றுக்கான பின்களை (மின் இணைப்பு முனைகளை) ஏசிபிஐ தகவலிலிருந்து, அதாவது ஃபர்ம்வேர் இயங்குதளத்துக்குத் தரும் வன்பொருள் விவரத்திலிருந்து அறிந்து, சென்சாரை இயக்கும் மென்பொருளான சென்சார் டிரைவர் தேடும் பெயர்களில் ஒப்படைப்பது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலில் உள்ள இந்த டிரைவரின் பணி. இதில் நான் மிகவும் மதிப்பது அதன் பெயர்மாற்ற அட்டவணையை. ஓவி7251 என்ற கேமரா சென்சாரின் பின்னை ஃபர்ம்வேர் (கணினியில் பதிந்துள்ள அடிப்படை மென்பொருள்) 'ரீசெட்' என்று அறிவிக்க, சென்சார் டிரைவரோ 'எனேபிள்' என்ற பெயரில் தேடுகிறது. பெயர் பொருந்தாவிட்டால் அது தொடங்கவே மறுக்கும், பின்னின் எந்த மின்னழுத்த நிலை சென்சாரை இயக்கும் என்ற உயர்நிலை தாழ்நிலைக் கணக்கு தலைகீழானால் சென்சார் விழிக்காமல், சில்லுகள் பேசிக்கொள்ளும் தடமான ஐ2சி வழிக் கேள்விகளுக்குப் பதிலே வராது. ஏசிபிஐக்குப் பதிலாக டிவைஸ் ட்ரீ என்ற வன்பொருள் விவரப் பட்டியலைப் பயன்படுத்தும் ஆர்ம் செயலிப் பலகைகளுக்கும் அதே சென்சார் டிரைவர் வேண்டியிருப்பதால், திருத்தத்தை அதற்குள் திணிக்காமல் இங்கேயே ஒரு வரியாக வைத்தது மிகச் சரியான முடிவு. அறியாத பின் வகை எதிர்ப்பட்டால் சென்சார் இயங்காமல் போகலாம் என்ற எச்சரிக்கை கெர்னலின் பதிவேட்டில் (லாக்) மட்டுமே தோன்றுவதால், சாதாரணப் பயனருக்குக் காரணம் எட்டுவதில்லை என்பது உண்மையான குறை.