கியூபாத்: காசு கேட்காத ஸ்லைடு கணக்குப்பிள்ளை

திசு ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்லும் பெத்தாலஜிஸ்ட்டுக்கு வரும் ஆராய்ச்சி அழைப்பெல்லாம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். "பழைய பயாப்ஸி எல்லாம் உங்ககிட்டதானே இருக்கு, ஃபைப்ரோசிஸ் எத்தனை சதவீதம்னு மட்டும் போட்டுக் குடுங்க மேடம்" என்பார், சிறுநீரகத் திசு எவ்வளவு தழும்பாகியிருக்கிறது என்று தெரிய வேண்டிய நெஃப்ராலஜிக்காரர். கல்லீரல்காரருக்குக் கொழுப்பு எவ்வளவு என்று தெரிய வேண்டும், ஆங்காலஜிக்குப் பெருகும் செல்களைக் காட்டும் கேஐ-67, தோல் டிபார்ட்மென்ட்டுக்கு சிடி8 என்னும் நோயெதிர்ப்பு செல் எண்ணிக்கை. இதையெல்லாம் கண்ணால் பார்த்து நான் 20 என்று எழுதினால் பக்கத்து மேஜைக்காரர் 30 என்பார். சிறுநீரக மாற்று பயாப்ஸிக்கான பான்ஃப் மதிப்பீட்டில் 25-ஐத் தாண்டினாலே கிரேடு மாறிவிடும், ஆக இந்தப் பத்து சதவீதத் தகராறு சின்ன விஷயம் இல்லை.

அதற்காகத்தான் ஸ்கேன் செய்த ஸ்லைடு படங்களை அளந்து எண்ணித் தரும் கியூபாத் (QuPath) மென்பொருள். பீட் பாங்க்ஹெட் என்பவர் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது உருவாக்கத் தொடங்கியது, 2017-இல் கட்டுரையாக வெளிவந்தது, இப்போது எடின்பரோவிலிருந்து வளர்க்கிறார்கள். முழுக்க இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது, விண்டோஸ், மேக், லினக்ஸ் எதிலும் ஓடும். எனக்குப் பிடித்த முதல் விஷயம், ஸ்லைடு படத்தை எந்த கிளவுடிலும் ஏற்றச் சொல்லாது. எல்லாம் நம் கணினியிலேயே நடக்கும், எத்திக்ஸ் கமிட்டியிடம் பதில் சொல்ல அதுவே பாதி உதவி.

கேஐ-67-இல் இதன் வேலையைப் பார்க்க வேண்டும். கட்டிப் பகுதியைச் சுற்றிக் கோடு போட்டு பாசிட்டிவ் செல் டிடெக்‌ஷனை ஓட்டினால், ஒவ்வொரு நியூக்ளியஸையும் சுற்றி வளைத்து, பழுப்பு ஏறியதைச் சிவப்பிலும் ஏறாததை நீலத்திலும் காட்டி, சதவீதத்தையும் ஓரத்தில் போட்டுவிடும். அசத்தல்தான், ஆனால் அங்கேயே எழுந்து போய்விடக் கூடாது. கட்டிக்கு நடுவே லிம்போசைட் (ஒருவகை வெள்ளணு) கூட்டம் இருந்தால் அதையும் கட்டி செல் என்றே எண்ணும். சில கட்டி செல்களையும் சில லிம்போசைட்டுகளையும் நாமே குறித்துக் காட்டி வகைப்படுத்தப் பழக்கிவிட வேண்டும், அதன்பிறகு ஓட்டினால் எண் கணிசமாகவே மாறலாம். மெலனோமாவில் இன்னும் மோசம், மெலனின் பழுப்பையும் ஸ்டெயின் பழுப்பையும் நம் கண்ணே சில சமயம் குழப்பிக்கொள்ளும், மென்பொருளை மட்டும் என்ன சொல்ல! ஆரம்பநிலை ஹார்மோன் பாசிட்டிவ் மார்பகப் புற்றில் 5-ம் அதற்குக் கீழும், 30-ம் அதற்கு மேலும் வரும் கேஐ-67 எண்களைத்தான் நம்பலாம் என்று சர்வதேசப் பணிக்குழுவே சொல்லியிருக்கும்போது, கியூபாத் புள்ளி வைத்து இரண்டு தசம இடத்துக்குத் தருகிறதே என்று மயங்க வேண்டியதில்லை.

கூட்டு ஆராய்ச்சிக்கு இதன் உண்மையான பலன் எண்ணுவதில் இல்லை, கோட்டில் இருக்கிறது. சிறுநீரகத்தின் வெளிப்பகுதியான கார்டெக்ஸ் என்று நான் வரைந்த எல்லையை, கோடுகளைச் சேமிக்கும் ஜியோஜேசன் (GeoJSON) கோப்பாக அனுப்பினால், அடுத்த மருத்துவமனை பெத்தாலஜிஸ்ட் அதே படத்தில் அதே கோட்டைத் திறந்து "உள்பகுதி மெடுல்லாவையும் சேர்த்துட்டீங்களே" என்று கையை வைத்துக் காட்டலாம். அப்புறம் இரண்டு ஸ்லைடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து ஒன்றாக நகர்த்தும் வசதி, வழக்கமான ஹெச் அண்ட் ஈ ஸ்டெயின் ஒருபக்கம், குறிப்பிட்ட புரதத்தைக் காட்டும் இம்யூனோ ஸ்டெயின் ஒருபக்கம். கிளினிக்கல் ஆட்களை உட்கார வைத்து அதைக் காட்டினால் 'சதவீதம் மட்டும் போதும்' என்பது தானாகக் குறையும்.

குறைகளும் உண்டு. நிறைய ஸ்லைடுகளை ஒரே மாதிரி ஓட்ட குரூவி (Groovy) என்னும் நிரல்மொழியில் ஸ்கிரிப்ட் தொட்டே ஆக வேண்டும், கோடிங் பக்கமே போகாதவருக்கு ஆரம்பம் கசக்கும், கூட ஒரு பிஜி மாணவர் இருந்தால் நல்லது. ஒரு ஸ்லைடு ஸ்கேனே ஒரு ஜிபியைத் தாண்டலாம், 8 ஜிபி ராம் லேப்டாப்பில் பெரிய பகுதிக்கு செல் டிடெக்‌ஷன் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். ஸ்கேனர் இல்லாமல் மொபைலில் எடுத்த படத்தையும் திறக்கும்தான், ஆனால் பிக்சல் அளவை நாமே கொடுக்காவிட்டால் மைக்ரான் கணக்கு எதுவும் வராது. ஒரு லேபில் கறுப்பாக, இன்னொரு லேபில் வெளுப்பாக ஸ்டெயின் ஆகி வந்த ஸ்லைடுகளுக்கு ஒரே கட்-ஆஃப் போட்டால் ஒப்பீடே வீண், ஸ்டெயின் அளவுகளை லேபுக்கு லேப் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்லைடு கோப்பை வெளியே அனுப்பும் முன் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்கேனர் எடுத்த லேபிள் படமும் பெரும்பாலும் அதே கோப்புக்குள்ளேயே இருக்கும், நோயாளியின் பெயரோ எண்ணோ அதில் எழுதியிருந்தால் அதுவும் கூடவே போகும். கியூபாத்தில் கோப்புப் பெயரை மறைத்துக்காட்டும் வசதி திரைக்கு மட்டும்தான், லேபிளை வேறு கருவி வைத்துத்தான் நீக்க வேண்டும். இது ஆராய்ச்சிக்கான மென்பொருள், இதில் வரும் எண்ணை அப்படியே நோயாளியின் ரிப்போர்ட்டில் ஒட்டாதீர்கள்.