வாகைகுளம் ஏர்போர்ட்டில் ஒரு மக்ரூன் போர்டு: மூன்று மாத அனுபவம்

தூத்துக்குடியில் அப்பா தொடங்கிய சின்ன பேக்கரி எங்களுடையது. ரொட்டி, பன் எல்லாம் உண்டு என்றாலும் பெயர் சொல்வது மக்ரூன்தான். போன வருடம் வரை நான் செய்த விளம்பரம் என்றால் தினத்தாளுக்குள் வைக்கும் நோட்டீஸ், கோயில் கொடைக்கு ஒரு ஃப்ளெக்ஸ், அவ்வளவுதான்.

2025 ஜூலை 26 அன்று எங்கள் ஊர் ஏர்போர்ட் இருக்கும் வாகைகுளத்தில் புது டெர்மினலைத் திறந்தார்கள். 17,340 சதுர மீட்டர். ஓடுதளத்தையும் 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டருக்கு நீட்டிவிட்டார்கள். பழைய கட்டடத்தைப் பார்த்தவர்களுக்கு இது கல்யாண மண்டபம் மாதிரி தெரியும். எங்கே பார்த்தாலும் சுவர். சுவர் இருந்தால் விளம்பர ஏஜென்சிக்காரர் வருவார். எங்கள் கடைக்கும் ஒரு தம்பி வந்தார். ஏஜென்சியின் பெயர் இங்கே வேண்டாம்.

அவர் காட்டியது இரண்டு. ஒன்று, டிவி மாதிரி பெரிய ஸ்க்ரீனில் பத்து விநாடி. பன்னிரண்டு விளம்பரம் மாறி மாறி ஓடும். அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை நம் முகம் தெரியும். அது வேண்டாம் என்றேன். இன்னொன்று, பெட்டி வரும் பெல்ட் பக்கம் உள்ளே விளக்கு எரிகிற லைட் பாக்ஸ். "லக்கேஜ் வர்ற வரைக்கும் பத்து நிமிஷம் எல்லாரும் சும்மாதான் சார் நிப்பாங்க, வேற எங்க பார்ப்பாங்க?" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. மாதம் 32,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. மூன்று மாதத்துக்கு 1,13,280. ஃப்ளெக்ஸ் அடித்து மாட்டுவதற்குத் தனியாக 6,000. ஒரு பெட்டி மக்ரூனில் எனக்கு 60 ரூபாய் நின்றால், வாடகையை எடுக்கவே ஏறக்குறைய 1,900 பெட்டி விற்க வேண்டும். நாளுக்கு இருபத்தொன்று. இந்தக் கணக்கை நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் போட்டேன் என்பது வேறு விஷயம்.

அடுத்த கூத்து, நம் போர்டை நாமே பார்க்க முடியாது. டிக்கெட் இல்லாமல் அந்த ஹாலுக்குள் விட மாட்டார்கள். ஏஜென்சி வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியது, பளபளவென்று இருந்தது. ஐந்தாவது வாரம் சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு விமானத்தில் திரும்பினேன். அன்றுதான் என் போர்டை நேரில் பார்த்தேன். உள்ளே ஒரு ட்யூப் எரியவில்லை. கீழ் ஓரத்தில் இருந்த போன் நம்பரின் பாதியை, அடுக்கி வைத்திருந்த தள்ளுவண்டிகள் மறைத்துக்கொண்டிருந்தன. க்யூஆர் கோடு என்று ஒன்று போட்டிருந்தோமே, பெல்ட்டுக்கு இந்தப் பக்கம் நின்று எடுத்துப் பார்த்தேன். மூன்று முறை முயன்றும் போன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அவ்வளவு சின்னதாக அடித்திருந்தார்கள்.

அதைவிடப் பெரிய பாடம் பெல்ட்டைச் சுற்றி நின்றவர்களிடம் கிடைத்தது. விமானத்தில் ஒன்றரை மணி நேரம் போன் இல்லாமல் இருந்தவன் இறங்கியதும் என்ன செய்வான்? குனிந்த தலை நிமிரவில்லை. போர்டைப் பார்த்தவர்கள் இரண்டே ரகம்: வயதானவர்கள், அப்புறம் எழுத்துக்கூட்டத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள். ஒரு சிறுமி "ம... க்... ரூன்" என்று சத்தமாகப் படித்துவிட்டு "அது என்னப்பா?" என்று கேட்டாள். அப்பா போனிலிருந்து கண்ணை எடுக்காமல் "பிஸ்கட்டும்மா" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

ஏஜென்சியிடம் சண்டை போட்டதில் ட்யூப் மாற்றினார்கள், பதினைந்து நாள் கூடுதலாகக் கொடுத்தார்கள். ஃப்ளெக்ஸை மாற்றும் செலவு மட்டும் என் தலையில்.

போன் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, அழைத்தவர்களிடம் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டு எழுதி வந்தேன். அதைப் புரட்டியபோதுதான் ஒன்று உறைத்தது. மக்ரூன் ஊருக்கு வருகிறவன் வாங்கும் பண்டமில்லை, ஊரை விட்டுப் போகிறவன் வாங்குவது. வந்து இறங்கும்போது பார்த்தவர்கள் திரும்பும் நாளில்தான் அழைத்தார்கள், அதுவும் அவசரத்தில். திருநெல்வேலியிலிருந்து காரில் வருகிறவருக்கு ஏர்போர்ட் முதலில் வந்துவிடும். எங்கள் கடைக்கு வர அதற்கு மேலும் பதினைந்து கிலோமீட்டர் போக வேண்டும். யார் வருவார்? "அண்ணாச்சி, நீங்க ஏர்போர்ட்டுக்குக் கொண்டுவந்து தருவீங்களா?" என்று கேட்டவர்களை முதல் மாதம் முழுக்க இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

திருச்செந்தூருக்கு வந்த பக்தர்களும் அழைத்தார்கள். அவர்களின் முதல் கேள்வி "முட்டை இருக்கா?" முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, இதுதானே மக்ரூன்! விரதத்தில் இருப்பவரிடம் என்ன சொல்ல?

இரண்டாவது ஃப்ளெக்ஸில், முதலில் போட்டிருந்த 'பாரம்பரியச் சுவை' வாசகத்தையும் க்யூஆர் கோடையும் எடுத்துவிட்டேன். ஆங்கிலத்தைக் கீழே தள்ளி, பெரிய எழுத்தில் "ஊர் திரும்பும் முன் ஒரு போன். மக்ரூன் ஏர்போர்ட் வாசலுக்கே வரும்" என்று போட்டேன். நம்பரை மேலே ஏற்றினேன். முட்டை உண்டு என்பதையும் எழுதினேன். ஊருக்கும் ஏர்போர்ட்டுக்கும் தினமும் சவாரி போகும் கார் டிரைவர்கள் இருவரிடம் பேசி வைத்தேன். இங்கே வருகிற ஏடிஆர் என்ற சின்ன விமானத்தில் தலைக்கு மேலே உள்ள இடம் சின்னது, அட்டைப்பெட்டி நசுங்கிவிடும். அதனால் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறினேன்.

மூன்றாவது மாதம் நாளுக்குப் பன்னிரண்டு, பதினான்கு டப்பா போயிற்று. இருபத்தொன்று வரவில்லை. மொத்தத்தில் நஷ்டம்தான், கையைக் கடிக்கிற அளவுக்கு இல்லை.

திருச்செந்தூரில் லாட்ஜ் வைத்திருப்பவர், வாடகைக் கார் ஓட்டுபவர், ஆஸ்பத்திரி, மனை விற்பவர் என்றால் பெல்ட் பக்கத்து லைட் பாக்ஸ் எடுக்கலாம். இறங்கியதும் தேவைப்படுகிறவை அவை. கொஞ்சம் வாடிக்கையாளர்கள் வந்தாலே வாடகை தேறிவிடும். ஒப்பந்தத்தில் ட்யூப் போனால் எத்தனை நாளில் மாற்றுவார்கள், வாராவாரம் தேதியோடு போட்டோ தருவார்களா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என்னைப் போல பண்டம் விற்பவர்கள் முதலில் ஒரு டிரைவரைப் பிடியுங்கள். அந்த லைட் பாக்ஸுக்கு மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன்.

நான் புதுப்பிக்கவில்லை. இப்போது அந்த இரண்டு டிரைவர்களின் காரிலும் முன் சீட்டின் பின்பக்கம் ஒரு அட்டை தொங்குகிறது. அச்சுக்கூலி 400 ரூபாய். மாதா மாதம் ஆளுக்கு இரண்டு டப்பா மக்ரூன், அது வாடகை.